அக்கா தொடாத கீபோர்டு

கம்ப்யூட்டர் என்றால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது திரையல்ல, அதன் முன்னால் ஒட்டிப் போட்டிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அந்த சென்டர் இருந்தது. மெஷின் நான்கு, படிக்க வந்தவர்கள் எட்டுப் பேர், ஆக ஆளுக்குப் பாதி மெஷின். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி வைத்தது கம்ப்யூட்டருக்காக. அதன் தயவில் எங்களுக்கும் தினம் ஒரு மணி நேரம் குளிர்ந்தது. நான் திருச்சுழிப் பக்கத்து ஆள். பி.காம். முடித்துவிட்டு, மழை பொய்த்துப்போன மிளகாய்க் காட்டை அப்பாவோடு சேர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன். கம்ப்யூட்டர் படித்தால் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

சொல்லிக் கொடுத்த சார் பையன்களைப் பையன்களோடும் பெண்களைப் பெண்களோடும் உட்கார வைத்தார். மிஞ்சியது நானும் டைப்பிஸ்ட் அக்காவும். அக்காவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா. எங்களைச் சேர்த்து உட்கார வைத்தால் ஊர் ஒன்றும் பேசாது என்று சார் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அக்கா பாலவனத்தத்திலிருந்து வருபவர், டவுனில் ஒரு நூல் மில் ஆபீசில் பன்னிரண்டு வருடமாக டைப்பிஸ்ட். கணவர் லாரி ஓட்டினார், பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுப்பக்கம் தலைகாட்டுவார். முதல் நாளே அக்கா தன் நிலைமையைச் சொல்லிவிட்டார். "ஆபீசுக்கு இந்த மெஷினு வருதாம் தம்பி. ஆறு மாசத்துல கத்துக்கிட்டா சீட்டு உனக்கு, இல்லாட்டி வெளிய ஆளு பாப்பேன்னு மேனேஜரு சொல்லிட்டாரு."

கற்றுக்கொள்ள அவரைவிடத் தகுதியானவர் அந்த அறையில் யாரும் இல்லை. டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். கீழே பார்க்காமல் அடிக்கிற கை. நான் இரண்டு விரலால் கோழி கொத்துவதுபோலக் கொத்துவேன். ஆனால் கீபோர்டு ஒன்றுதானே இருந்தது. என் கை அதன்மேல் இருக்கும்வரை அவர் கை அதன் பக்கத்தில்கூட வராது. விரலோடு விரல் பட்டுவிடக் கூடாது என்ற கூச்சம், இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருவது. நான் கையை எடுக்கட்டும் என்று அவர் காத்திருப்பார். நான் எடுக்க மாட்டேன். எப்போதாவது பேச்சுக்கு, "நீங்க அடிக்கிறீகளாக்கா?" என்று கேட்பேன், கையை எடுக்காமலே. "நீயே அடிப்பா, நான் பாத்துக்கிறேன்" என்பார். மடியில் நோட்டை வைத்து, சார் சொல்வது அத்தனையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்வார். எனக்கு ஏதாவது மறந்தால் அவர்தான் நோட்டைப் பார்த்துச் சொல்வார், நான் அழுத்துவேன். மெஷின் சொன்னபடி கேட்கும். சார் என்னைப் பாராட்டுவார். "நம்ம தம்பி கைபட்டா மெஷினு பேசுது" என்று அக்காவும் சொல்வார். ஆறு மாதமும் இப்படியே ஓடியது. அவர் பார்த்துக் கற்றுக்கொள்கிறார் என்று நான் உண்மையாகவே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மில்லில் மெஷின் வந்து இறங்கியதும் மேனேஜர் ஒரு நாள் குறித்தார். "பயமாக் கிடக்கு தம்பி, சும்மா கூட வந்து நில்லேன்" என்று அக்கா கேட்க, நானும் போனேன். பேல் என்கிற பஞ்சுப் பொதிகளின் எடைச் சீட்டு நாற்பதை மேனேஜர் கொடுத்தார். எல்லாவற்றையும் அடித்து மொத்த எடையைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. அக்கா உட்கார்ந்தார். அந்தக் கை வேகத்தை அன்றைக்குத்தான் நானே முதன்முதலில் பார்த்தேன். ஆபீசில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மொத்தம் போடும் கட்டளையையும் தப்பில்லாமல் கொடுத்தார். திரையில் பூஜ்யம் வந்தது. அழித்துவிட்டு மறுபடியும் அடித்தார். மறுபடியும் பூஜ்யம். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ செத்த பாரு" என்றார். அக்கா எழுந்து இடம் விட்டார்.

உட்கார்ந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எண்கள் எல்லாம் திரையில் அதனதன் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக் கிடந்தன. எண்ணாக இருந்தால் வலது பக்கம் நிற்கும், எழுத்தாக இருந்தால்தான் இடது பக்கம் போகும். பழைய டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனியாகக் கீ கிடையாது. ஆங்கிலத்தின் சின்ன எல் எழுத்தை அடித்தே ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். காகிதத்தில் அது போதும். அக்காவின் விரல் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அந்த எழுத்துக்கே போயிருக்கிறது. பேல் ஒவ்வொன்றும் நூற்று அறுபது, நூற்று எழுபது கிலோ. நாற்பது எடையும் ஒன்றில்தான் தொடங்கும். மெஷினைப் பொறுத்தவரை அங்கே ஒரு எண்கூட இல்லை. ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள் கீபோர்டு அவர் கைக்குப் போயிருந்தால் இந்தத் தப்பு அன்றைக்கே வெளியே வந்திருக்கும், அன்றைக்கே சரியாகவும் ஆகியிருக்கும்.

நான் இரண்டு விரலால் கொத்தி நாற்பதையும் மாற்றினேன். மொத்தம் வந்தது. "என்ன தப்பு?" என்று மேனேஜர் கேட்டார். "சரி பண்ணிட்டேன் சார்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. சொல்லாமல் இருந்ததற்கு இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அடுத்த வாரம் எனக்கு ஆர்டர் கொடுத்தார்கள். டைப்ரைட்டரை உறை போட்டு மூலையில் வைத்தார்கள். அக்காவைக் கீழே குடோனுக்கு அனுப்பினார்கள், தராசுக்குப் பக்கத்தில் நின்று பேல் எடையை எழுதும் வேலைக்கு. சம்பளமும் குறைந்தது. தினமும் காலையில் அவர் கையெழுத்தில் எடைச் சீட்டுகள் என் மேஜைக்கு வரும். அவற்றைப் பார்த்து நான் அடிப்பேன். ஒவ்வொரு ஒன்றையும் அழுத்தும்போது உள்ளுக்குள் குறுகுறுக்கும்.

இப்போது வீட்டில் என் மனைவி போனில் ஏதாவது தேடித் தடுமாறினால், "குடும்மா, நான் பண்றேன்" என்று மகள் பிடுங்கி நொடியில் முடித்துவிடுகிறாள். உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் அதே இடத்தில் மனைவி மறுபடியும் தடுமாறுகிறாள், மகள் மறுபடியும் பிடுங்குகிறாள்.

நான் மில்லில் சேர்ந்து எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்கா கேட்டார். "தம்பி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் என்ன தப்புப் பண்ணேன்? நோட்டை எத்தனையோ வாட்டி பொரட்டிப் பாத்துட்டேன், பிடிபடவே மாட்டேங்குது."

சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார். பிறகு, "அது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றார்.

"தெரியும்க்கா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாலவனத்தம் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். "நாளைக்கு வெள்ளன வாரேன். எந்திரிச்சு எடம் குடு."

மறுநாள் நான் போகும்போது அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மெஷினைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதல் எடைக்கு விரல் பழைய இடத்துக்கே போனது. நானாக எதுவும் சொல்லவில்லை. அதுவாகவே நின்று, மேல் வரிசைக்கு ஏறி, ஒன்றை அழுத்தியது. நாலாவது ஐந்தாவது சீட்டுக்குப் பிறகு விரல் தயங்கவில்லை. மொத்தம் வந்தது. அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார்.

"என்னப்பா, நீ ஏன் நிக்கிற?"

"அன்னைக்கு அக்கா அடிச்சதுல ஒரே ஒரு கீதான் சார் மாறிப் போச்சு. மத்தது பூரா சரி. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப குடோன்ல யாரு எடை எழுதுறது?" என்றார்.

மேஜையில் இருந்த எடை நோட்டை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கினேன்.