நாற்பத்திரண்டு பேருக்குப் போன ரத்துச் செய்தி

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவருக்குப் பெரியப்பா என்று பெயர். வயது ஐம்பத்திரண்டு, அறையிலிருந்த மற்ற ஐந்து பேருக்கும் அதில் பாதிகூட இருக்காது. பிள்ளைகுட்டி இல்லாத மனிதரை நாளெல்லாம் பெரியப்பா, பெரியப்பா என்று ஏலம் போட்டால் கோபம் வராதா? வராது. உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்று முறை ஒதுக்கும் நிரலை ஜாவா என்ற கணினி மொழியில் ஒண்டி ஆளாக எழுதியவர் அவர். முறை மாறினால் நோயாளிக்குச் செய்தி அனுப்புவதும் அந்த நிரல்தான். மூன்று வருஷமாக அந்தப் பட்டியலில் அவர் மனைவியும் ஒருத்தி. அவளை விட்டால் அவருக்கு வீட்டில் வேறு நாதி இல்லை.

நிரலை ஓட்டும் கட்டளையிலேயே ‘மைனஸ் டி’ போட்டு, இது சோதனை என்று சொல்லிவிட்டால் பொய்ப் பட்டியலோடு நின்றுகொள்ளும். ஒன்றும் சொல்லாவிட்டால் நிஜம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எழுதிவைத்த மகானுபாவரும் அவரேதான்!

போன வாரம், இனி எதையும் நேரடியாக ஓட்டாமல், நிரல்களைத் தொகுத்து ஓட்டிவைக்கும் பில்ட் டூல் வழியாகத்தான் ஓட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. செவ்வாய்க்கிழமை காலை, நாளைய முறைகளை ரத்து செய்யும் பகுதியைச் சோதிக்க, கை போன போக்கில் அதே மைனஸ் டியைப் போட்டுத் தட்டிவிட்டுக் காபிக் கோப்பையைக் கழுவப் போனார்.

பத்தே நிமிஷத்தில் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“நாளைக்கு எல்லாத்தையும் யாருங்க கேன்சல் பண்ணது? போன் மேல போன் வருது. ஒரு நாள் தள்ளினாத் தாங்காத ஆளுங்க அதுல ஆறு பேர் இருக்காங்க!”

“டெஸ்ட்னு சொல்லித்தாங்க ஓட்டினேன்.”

“யார்கிட்டச் சொன்னீங்க?”

பெரியப்பா திரும்பித் திரையில் தான் தட்டிய வரியைப் பார்த்தார். பில்ட் டூலிடம் அல்லவா சொல்லியிருக்கிறார்! அதுவும் ஒரு ஜாவா நிரல்தானே; கொடுத்ததைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, அவருடைய நிரலைத் தனியாக இன்னொரு ஜாவாவில் கிளப்பிவிட்டது; சோதனை என்ற சொல் அங்கே போய்ச் சேரவே இல்லை. வந்ததை அங்கேயும் கொடு என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

பட்டியலை மீட்டுவிட்டார். ஆனால் செய்தி போய்விட்டதே. “இன்னொரு மெசேஜ் அனுப்பினா எதைத்தான் நம்புவாங்க? ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே பேசுங்க” என்றார் நர்ஸ்.

பேசினார். விளையாடுறீங்களா என்று திட்டினார்கள். ஒரு அம்மா பேச முடியாமல் அழுதாள். ஒருவர், “தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறிட்டேனே சார்” என்றார்.

“இறங்கிடுங்க. உங்க கால்ல விழறேன், அடுத்த ஸ்டாப்லயே இறங்கிடுங்க.”

நாற்பத்தோரு பேரிடமும் மானம் ரோஷம் பார்க்காமல் கெஞ்சி முடிக்கும்போது மணி நான்கு. மனைவிதானே, எங்கே போய்விடப் போகிறாள் என்று அவளைக் கடைசியில் வைத்திருந்தார்.

எடுத்ததுமே அவள் குரலில் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை மாசம் ஆயிற்று!

“என்னங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாளைக்கு கேன்சலாம், மெசேஜ் வந்துச்சு.”

“அது வந்து...”

“இருங்க, சொல்லிடறேன், அப்புறம் வாய் வராது. அதப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே போகவே வேண்டாம்னு தோணிடுச்சுங்க. மூணு வருஷமும் உங்க முகத்துக்காகத்தான் போனேன். போதும். என்னால முடியல.”

காலையிலிருந்து பெரியப்பா நாற்பத்தோரு தடவை சொன்ன அதே வார்த்தைகள்தான். இவளிடம் ஒன்றுகூட வரமாட்டேன் என்றது.

“கேக்குதா?”

“அது தப்பா வந்த மெசேஜ்மா. நான்தான் அனுப்பிட்டேன்.”

“அப்போ வரணுமா?”

ஐந்து பேரும் பார்க்கிறார்கள் என்ற வெட்கமெல்லாம் போய் அவர் அழுதார்.

“வந்துடும்மா. எனக்காக வந்துடு.”

“சரி, அழாதீங்க. வர்றேன்” என்றாள். குரலில் அந்தச் சிரிப்பு இல்லை.