தூக்காத கைகள்

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. அங்கே மடிக்கும் மேசையில் வேலை பார்த்தவளை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் குக்கர் மாதிரி முதலில் மூக்கிலிருந்து உஸ்ஸென்று காற்று வரும், பிறகுதான் வார்த்தை வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே பக்கத்து மேசைக்காரிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த வருடம் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஆலையில் வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓய்வு நேரம், விடுப்பு, கையுறை, எது வேண்டுமானாலும் அந்தப் பிரதிநிதிதான் நிர்வாகத்திடம் போய்ப் பேச வேண்டும். தேர்தல் என்று பெயர்தான் பெரிது. சாப்பாட்டு அறையில் எல்லோரையும் நிற்க வைத்து, மேலாளர் ஸ்டூல் மேல் ஏறிக்கொண்டு, “இவருக்கு யாரெல்லாம்? கையைத் தூக்குங்க” என்பார். தூக்கியவர்களை முகம் முகமாகப் பார்ப்பார். வெறுமனே எண்ணுவதற்கு அத்தனை நேரம் தேவையே இல்லை.

ஜெயிப்பது எப்போதும் ஒரே ஆள். கசங்காத சட்டையும் சென்ட் வாசனையுமாக வருவதால் அவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். மேலாளர் தும்மினால் கைக்குட்டையை நீட்டுகிறவன். அவன் பிரதிநிதியாக இருந்து இத்தனை காலத்தில் ஒரு ஜோடி கையுறை வந்ததில்லை.

போன தேர்தலில் பாய்லர்காரர் எதிர்த்து நின்றார். அவருக்குக் கை தூக்கியவர்களில் விசிலின் நாத்தனாரும் ஒருத்தி. இஸ்திரிப் பகுதியில் இருந்தாள், கூச்ச சுபாவம், அதிர்ந்து பேசமாட்டாள். அவள் கை நேராக மேலே போனது. விசிலின் கையும் எழுந்தது. காது வரை வந்தபோது மேலாளர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கை அப்படியே தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது.

அடுத்த வாரமே நாத்தனாரை அழுக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரத்தமும் சீழும் ஒட்டிய துணிகளை மூட்டை பிரித்து, வெறும் கையால் தரம் பிரிக்கிற இடம் அது. “ஆள் பத்தல” என்றார் மேலாளர். அங்கே பல மாதம் போன பிறகு ஒருநாள் ஒரு விரிப்பின் சுருட்டலுக்குள் கிடந்த ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. நோய் ஏதும் தொற்றியிருக்கிறதா என்று இப்போதைக்குத் தெரியாது, சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

நாத்தனார் அண்ணன் வீட்டில் விசிலோடுதான் இருந்தாள். வீட்டில் யாரும் அவளை ஒதுங்கியிருக்கச் சொல்லவில்லை. அவளாகவே ஒரு தனி டம்ளரை எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டாள். அண்ணன் குழந்தையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். குழந்தை அத்தை அத்தை என்று கையை நீட்டி அழும். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

அந்த டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் விசிலுக்குக் கோபம் வந்தது. மேலாளர் மேல் பாதி, அன்று தலை சொறிந்த தன் கை மேல் பாதி.

அந்தச் சமயத்தில் நாட்டிலும் ஓட்டைப் பற்றித்தான் பேச்சு. ஓட்டுப் போடாதவர்களுக்கு அபராதம் என்று சட்டம் வரப்போகிறதாம். ஒரு மாலை, வேன் ஓட்டிவிட்டு வந்த விசிலின் கணவன் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை ஆமோதித்துக்கொண்டிருந்தான்.

“போடணும்! கண்டிப்பா அபராதம் போடணும். லீவு குடுத்தா வீட்டுல தூங்குறானுங்க. அப்புறம் நாடு எப்படி உருப்படும்?”

விசிலுக்கு உஸ்ஸென்று வந்துவிட்டது. “ஏங்க, உங்க தங்கச்சி ஒழுங்காத்தானே ஓட்டுப் போட்டா? அவளுக்கு என்ன பரிசு குடுத்தாங்க?”

“அது கம்பெனி விஷயம். நான் நாட்டைப் பத்திப் பேசுறேன்.”

“நாடுன்னா டிவிக்குள்ள இருக்கா? பயப்படாம போட வழி பண்ணிட்டு அப்புறம் அபராதத்தைப் பத்திப் பேசச் சொல்லுங்க!”

அவன் டிவியை அணைத்துவிட்டான். நாத்தனார் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “விடுங்க அண்ணி. இந்தத் தடவ நான் கை தூக்கப்போறதில்ல.”

அந்த வார்த்தைதான் விசிலைக் கிளப்பிவிட்டது.

தேர்தல் நாள் வந்தது. மாப்பிள்ளைக்கு எதிராக மறுபடியும் பாய்லர்காரர். மேலாளர் ஸ்டூலில் ஏறியதுமே விசில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார், கை தூக்குற கதையெல்லாம் வேணாம். சீட்டுல எழுதிப் பெட்டியில போடுறோம். யாரு யாருக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது.”

“நேர்மையானவங்களுக்கு ஒளிவு மறைவு எதுக்கும்மா?” என்று சிரித்தார் மேலாளர்.

“அப்ப உங்க சம்பளம் எவ்வளவுன்னு இங்கயே சொல்லுங்களேன். நாங்க எல்லாரும் கேட்டுக்கறோம்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளரின் காது சிவந்தது. ஆனால் ஆள் கெட்டிக்காரர்.

“சரி, ஜனநாயகமாவே போவோம். ரகசிய ஓட்டு வேணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

விசில் தூக்கினாள். பாய்லர்காரர் தூக்கினார். மற்றவர்கள் தரையில் எதையோ தொலைத்ததுபோல் தேடிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வரை “கண்டிப்பா கேளு அக்கா, நாங்க இருக்கோம்” என்று சொன்னவர்களும்தான்.

“அவ்வளவுதானா? பார்த்தியாம்மா, யாருக்கும் வேணாமாம். இப்ப, மாப்பிள்ளைக்கு யாரெல்லாம்?”

“தூக்காதீங்க!” விசில் போட்ட கத்தலில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்திருக்கும். “எனக்காகக் கை தூக்க வேணாம். பயமா இருக்குதுல்ல? இருக்கட்டும். சும்மா நில்லுங்க. யாருக்குமே தூக்காதீங்க! அப்ப யாரை அழுக்குப் பிரிவுக்கு அனுப்புவாரு? எல்லாரையுமா? அப்புறம் யாரு துவைக்கிறது, யாரு மடிக்கிறது, இவரா மடிப்பாரு?”

கூட்டம் அசையவில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மாள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தனக்குத்தானே கை தூக்கினான். சுற்றிலும் பார்த்துவிட்டு, கடிகாரம் பார்ப்பதுபோல் இறக்கிக்கொண்டான். நாத்தனார் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

மேலாளர் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டு மிரட்டியும் பார்த்தார், இனிக்கப் பேசியும் பார்த்தார். மறுபடி கூட்டினாலும் கைகள் எழவில்லை. பிரதிநிதியின் பெயரை வருடக் கடைசிக்குள் தொழிலாளர் துறைக்கு அனுப்பியாக வேண்டும். வேறு வழியில்லாமல், சோப்புத்தூள் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, மூலையில் ஒரு பழைய விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். எல்லோர் முன்னாலும் சீட்டுகளை எண்ணினார்கள்.

ஜெயித்தது மாப்பிள்ளை.

வித்தியாசம் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். இருந்தாலும் ஜெயித்துவிட்டான். விசிலுக்கு ரத்தம் தலைக்கேறியது. “எவ போட்டா? எவன் போட்டான்? இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் குடுத்தா, அவனுக்கே போய்க் குத்தியிருக்கீங்களே, சொரணை கெட்டவங்களா! யாருன்னு சொல்லுங்க!”

நாத்தனார் வந்து அவள் தோளைப் பிடித்தாள். “அண்ணி, அத யாரும் கேக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவு சண்டை போட்டீங்க?”

விசில் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

ஆனால் மாப்பிள்ளைதான் மாறிப்போனான். முன்பு யார் தன் ஆள், யார் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. அடுத்த முறை இந்தச் சில சீட்டுகள் அந்தப் பக்கம் சாய்ந்தால் தீர்ந்தது கதை. ஆகவே எல்லோரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். மேலாளர் அறையில் முதன்முதலாக அவன் குரல் உயர்ந்ததாகக் கேள்வி. கொஞ்ச நாளில் அழுக்குப் பிரிவுக்குத் தடித்த ரப்பர் கையுறைகள் வந்தன.

“பார்த்தீங்களா அக்கா, நான்தான் வாங்கிக் குடுத்தேன்” என்று வந்து நின்றான்.

“அவ விரல்ல ஊசி ஏறினப்ப எங்கடா போயிருந்தே?” என்றாள் விசில். அவன் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டான்.

நாத்தனாரின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று பிறகு முடிவு வந்தது. அன்று மாலை அவள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் இறக்கவேயில்லை. இஸ்திரிப் பகுதிக்கும் திரும்பிவிட்டாள். அவளை ஏன் மாற்றினார், அந்த மாதங்களுக்கு யார் பதில் சொல்வது என்று மேலாளரிடம் விசில் மூன்று பேர் முன்னால் கேட்டாள். “நிர்வாக முடிவும்மா” என்றுவிட்டு அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. எதிரே வந்தால் ஒதுங்குவதுமில்லை.