பெரிய ஆபீசருக்காக நின்ற ரயில்

உங்கள் அப்பா எப்போதாவது ரயிலை நிறுத்தியிருக்கிறாரா? என் அப்பா நிறுத்தினார் என்று சொல்லித்தான் நான் ஸ்கூலில் கெத்தாகத் திரிந்தேன்.

நேற்று பெங்களூரு வைட்ஃபீல்டில் என் ஆபீஸ் வாசலில் ரோடு போட்டார்கள். அந்தத் தார் வாசனை ஏறியதுமே, அப்பா கேட்மேனாக இருந்த பையப்பனஹள்ளி ரயில்வே கேட் கண்முன் வந்துவிட்டது: வெயிலில் கருப்பாகத் தார் கசியும் தண்டவாளக் கட்டைகள், கேட் இறங்கும்போது அடிக்கும் மணி, கேபின் மூலையில் சுருட்டிவைத்த சிவப்புக் கொடி, சீக்கிரம் திற என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே இருக்கும் ஆட்டோக்காரர்கள். ரயில்வேயின் பெரிய ஆபீசர் ஒருவர் இறந்தபோது, அவருடைய இறுதி ஊர்வலம் கடந்துபோக, அப்பா அந்தக் கொடியைக் காட்டி எக்ஸ்பிரஸையே நிறுத்தினார் என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. அப்பா ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதும் இல்லை.

நேற்றுதான் உறைத்தது, அப்படி நிறுத்தியிருந்தால் அப்பாவுக்கு வேலையே போயிருக்கும். உடனே போன் போட்டேன்.

"நெஜமா சொல்லுப்பா, ட்ரெயின் நின்னுச்சா?"

"ட்ரெயின் எங்கடா நிக்கும்? பாடிதான் நின்னுச்சு. அவரு சம்சாரம் வண்டில உக்காந்து என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. ட்ரெயினுக்கு சிக்னல் குடுத்துட்டா நானே வந்தாலும் கேட்ட தொறக்காதேன்னு சொன்னவரே அவருதான்டா."

"அப்ப ஏம்பா இத்தினி வருசம் சொல்லல?"

"செத்தவர வெயில்ல நிக்க வெச்சேன்னு எந்த வாயால சொல்றது?"

அந்த இடத்தில் இப்போது மேம்பாலம் இருக்கிறது. யாரும் நிற்பதில்லை.