ஆளுக்கொரு டிஸ்க்

துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்திய அலுவலகம் அது. கண்டெய்னரில் போவது உப்போ, கருவாடோ, உடன்குடிக் கருப்பட்டியோ, அதற்கான காகிதங்களைச் சுங்கத்தில் காட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவது அவர்கள் தொழில். எல்லா வாடிக்கையாளர்களின் எல்லாக் காகிதங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு ஒரே ஒரு சர்வரில் இருந்தன. அது அண்ணன் மேசைக்குப் பின்னால், மாதா படத்துக்கு நேர் கீழே நின்றது. அதன் பாதுகாப்பு ஏற்பாடு பெரும்பாலும் அந்தப் படம்தான்.

சர்வரில் முதலில் இருந்த டிஸ்க் அண்ணன் வாங்கியது. அது நிறைந்துபோனபோது இரண்டாவதைத் தம்பி வாங்கிவந்தார். பெட்டியைப் பிரித்ததும் மார்க்கர் பேனாவால் டிஸ்க்கின் மேல் தன் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதினார். அவர்கள் வீடுகளில் அது வழக்கம். கல்யாண வீட்டுக்கு இரவல் போகும் அண்டாவும் சட்டியும் சரியான வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதால், பேர் வெட்டாத பாத்திரம் வீட்டில் இருக்காது. டிஸ்க் எந்தக் கல்யாணத்துக்குப் போகப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

இரண்டையும் நான், சர்வரில் ஓடிய லினக்ஸ் இயங்குதளத்தின் எல்.வி.எம். முறையில் இணைத்தேன். சாதாரணமாக ஒரு டிஸ்க் என்பது உப்பளத்தில் ஒரு பாத்தி மாதிரி. நிறைந்தால் வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குத்தான் போக வேண்டும்; பாதிக் கோப்புகள் இங்கே, பாதி அங்கே என்று ஆட்கள் தேடி அலைய வேண்டும். எல்.வி.எம். இந்த வரப்புகளை மறைத்துவிடுகிறது. டிஸ்க்குகளை எல்லாம் ஒரே குழுவாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் சம அளவுள்ள சிறு துண்டுகளாக்குகிறது. பிறகு எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியல்படி கோத்த துண்டுகள்தான் நாம் காணும் வால்யூம். மேலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரே நீளமான இடம். எந்தக் காகிதம் யார் வாங்கிய டிஸ்க்கில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. மளிகை முதல் விரதம்வரை பட்டியல் போட்டு வாழ்கிறவள் நான். ஒரு தொழில்நுட்பமே அடிப்படையில் ஒரு பட்டியல்தான் என்றால் எனக்குப் பிடிக்காமல் போகுமா?

இதையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு அண்ணனுக்கு விளக்கினேன்.

"சரி, ரெண்டு டிஸ்க்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. ஒண்ணு போனா ரெண்டுமே போன மாதிரிதான்."

"அப்ப ரெண்டு எதுக்குளா?"

"இடத்துக்கு. பாதுகாப்புக்கு மூணாவதா ஒண்ணு வாங்கித் தாங்க. எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து வெச்சிருவோம்."

"ரெண்டு சும்மா கெடக்கும்போது மூணாவது கேக்கியே" என்று சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார். இதே கோரிக்கையோடு தம்பியிடம் போனேன். அவர் அண்ணனிடம் கேட்கச் சொன்னார்.

பிறகு அவர்கள் பிரிந்தார்கள். ஏன் என்பதற்கு அலுவலகத்தில் ஒரு காரணம், டீக்கடையில் ஒரு காரணம், மாதா கோயில் வாசலில் ஒரு காரணம் சொன்னார்கள். எதையும் நான் சரிபார்க்கவில்லை. பாகம் பிரித்தது அவர்களுடைய தாய்மாமா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேரே அலுவலகம் வந்து உட்கார்ந்தார். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். ஏசி ஆளுக்கு ஒன்று. மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் பாதிக்குப் பாதி. பிரிண்டர் ஒருவருக்கு, ஸ்கேனர் ஒருவருக்கு. வாசலில் கிடந்த மிதியடிகூட இரண்டு இருந்ததால் சிக்கலில்லை.

சர்வர் ஒன்றுதான் இருந்தது. மாமா சற்று யோசித்து, "அதத் தொறந்து பாருல, உள்ள என்ன இருக்குன்னு" என்றாராம். திறந்தால் உள்ளே இரண்டு டிஸ்க்குகள். அவர் முகம் மலர்ந்துவிட்டதாக, கூட இருந்த டிரைவர் பிறகு சொன்னார். ஒன்றில் தம்பியின் பெயரெழுத்து வேறு இருந்தது. எழுத்துள்ளதைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார்கள். ஞாயிறு விடுமுறை என்பதாலும், இது குடும்ப விஷயம் என்பதாலும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

திங்கள் காலை சர்வர் எழும்பவில்லை. குழுவில் ஒரு டிஸ்க்கைக் காணவில்லை என்று திரையில் நீளமாக ஓர் அடையாள எண்ணோடு எழுதியிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் தம்பி என்று ஒருவர் இருந்ததே இல்லை என்பதுபோல மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைகிறது என்று வெளிப்படையாகச் சொன்னது அந்த இயந்திரம் மட்டும்தான்.

"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்" என்றார் அண்ணன். "பாத்தியா, கூடப் பொறந்தவன் செய்யுத வேலைய. அந்தக் கருப்பட்டிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

உடன்குடி வியாபாரி ஒருவரின் கண்டெய்னர் துறைமுக யார்டில் நின்றது. அதன் காகிதங்கள் இல்லாமல் கப்பல் ஏற்றிக்கொள்ளாது. அதைப்போல இன்னும் பலருடையவை. அவ்வளவும் அந்த இரண்டு டிஸ்க்குகளில், வேறெங்கும் இல்லை.

தம்பியால் எதையும் திறக்கவே முடியாது, அவரிடம் இருப்பதும் அரைகுறைதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. தம்பி.

"ஏளா, எங்க அண்ணன் செஞ்ச வேலையப் பாத்தியா? உள்ள இருந்தத பூரா அழிச்சிட்டு வெறும் டப்பாவத் தந்திருக்காரு. லேப்டாப்புல மாட்டுனா, இந்த டிஸ்க்குல ஒண்ணுமில்ல, புதுசா தயார் பண்ணவான்னு கேக்கு. அமுக்கிரட்டுமா?"

"அமுக்காதிய அண்ணே! எதையும் தொடாதிய. அப்படியே கழட்டி வைங்க."

"இது அவரு சொல்லச் சொன்னதா?"

"அவரு சொன்னா உங்ககிட்ட எடுபடாதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தான் சொல்லுதேன்."

"சரி, வா. வந்து காட்டு. இல்லன்னா அமுக்கிருவேன்."

ஸ்கூட்டியில் போனேன். மூன்று தெரு தள்ளி, செல்போன் கடை மாடியில் அவருடைய புது அலுவலகம்; பங்கில் வந்த மிதியடி வாசலில் கிடந்தது. 'தயார் செய்யவா' என்ற கேள்வி திரையில் இன்னும் நின்றது. அவர் விரல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதை ரத்து செய்து, டிஸ்க்கை என் லேப்டாப்பில் மாட்டினேன். அவர் லேப்டாப்புக்குப் புரியாத அதை, என்னுடையதில் இருந்த லினக்ஸுக்கு அடையாளம் தெரிந்தது: குழுவில் இது இரண்டாவது, முதலாவதைக் காணவில்லை. இரண்டு டிஸ்க்குகளிலும் அந்தப் பட்டியலின் பிரதி உண்டு என்பதால் இந்த அளவு பேச்சு அதற்குச் சாத்தியம்.

தம்பி குனிந்து பார்த்தார். "அப்ப அவருகிட்டயும் ஒண்ணுமில்லையா?"

"அங்கனயும் இதே கததான். அங்க இதக் காணும்னு சொல்லுது."

அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிறிது நிம்மதி தெரிந்தது.

இனி இரண்டையும் ஒரே இயந்திரத்தில் மாட்ட வேண்டும். தன் டிஸ்க் அண்ணன் அலுவலகப் படி ஏறாது என்றார் தம்பி. தன்னுடையது தம்பி மாடிக்குப் போகாது என்றார் அண்ணன். கடைசியில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசை என்று முடிவாயிற்று. நகலெடுக்க ஒரு பெரிய டிஸ்க் வேண்டும், யாராவது வாங்கி வாருங்கள் என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன்.

மாமா மீன்குழம்புச் சட்டியை நகர்த்தி இடம் கொடுத்தார். "நான் சமமாத்தானம்மா பிரிச்சேன்?"

"சமமாத்தான் பிரிச்சிய ஐயா."

"பெறகு என்ன? பட்டியல் இருக்குங்கியே, அதப் பாத்து ஆளுக்குப் பாதி எடுத்துக் குடு."

"அப்படிக் குடுத்தா ஒரு காகிதத்துல கையெழுத்து ஒருத்தருக்குப் போகும், தேதி இன்னொருத்தருக்குப் போகும்."

மாமா அதையும் ஒரு கணம் பரிசீலித்தார் என்றே நினைக்கிறேன்.

இரண்டு டிஸ்க்குகளையும் என் லேப்டாப்பில் மாட்டினேன். குழு நிறைந்தது, வால்யூம் திறந்தது, எல்லாக் காகிதங்களும் ஒரே இடத்தில் வரிசையாக வந்து நின்றன. கருப்பட்டிக்காரருடையதை முதலில் எடுத்து அண்ணன் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அண்ணன் மெல்ல சிலுவை போட்டுக்கொண்டார். தம்பி, அண்ணன் பார்க்காத நேரமாகப் பார்த்து, தானும் போட்டுக்கொண்டார்.

"பெரிய டிஸ்க் எங்க?" என்றேன்.

இருவரும் பையைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒன்று. ஒரே கடை, ஒரே மாடல். இரண்டின் மேலும் மார்க்கர் எழுத்து ஏற்கெனவே காய்ந்திருந்தது.

நகல் ஓடி முடிய மாலையாகிவிட்டது. அதுவரை அவர்கள் ஒரே மேசையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவனுக்கு டீ வேணுமான்னு கேளு" என்றார் அண்ணன் என்னிடம்.

"சீனி கம்மியா போடச் சொல்லு" என்றார் தம்பி என்னிடம்.

முடிந்ததும் புது டிஸ்க்குகளை அவரவர் கையில் கொடுத்தேன். தம்பி கிளம்பிப் போகும்வரை காத்திருந்து அண்ணன் கேட்டார்:

"இதுல இருக்கது எல்லாம் அதுலயும் இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு, அண்ணாச்சி."

"அவனுக்குக் கூட எதுவும் போகலையே?"

"இல்ல."

"கொறையவும் இல்ல?"

"இல்ல."

அவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு துல்லியத்தை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

இரண்டு முழு நகல்கள், இரண்டு வேறு கட்டடங்களில், ஒருவர் பொருளை இன்னொருவர் தொட முடியாத ஏற்பாட்டில். பாதுகாப்பு நகல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் பாடத்தில் படித்திருக்கிறேன். நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காததை அவர்கள் சண்டை போட்டு வாங்கித் தந்துவிட்டார்கள். அடுத்த வாரம் இருவரிடமும் தனித்தனியாக ஒரு யோசனை சொன்னேன்: வாரம் ஒருமுறை நான் வந்து நகலைப் புதுப்பித்துத் தருகிறேன்.

"அவன் சரின்னுட்டானா?" என்று அண்ணன் கேட்டார்.

தம்பியும் அதையேதான் கேட்டார். இருவரிடமும் ஆமாம் என்றேன்.