விமானத்தில் கிரிவலம்

மாவட்டம் பிரிந்து, எங்கள் மலைக்குப் பக்கத்து வேங்கிக்காலில் ஆபீஸ்கள் முளைத்த காலம். அவற்றில் ஒன்றில் நான் குமாஸ்தா. மாலையில் இலக்கிய மன்றச் செயலாளர், அதாவது நாற்காலி போடுபவன். இரண்டு வேலையிலும் என்னால் யாருக்கும் நன்மை விளைந்ததாகத் தகவல் இல்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் வாடகைக்கு இருந்தார். வயது எழுபது. பெண் சைக்கிள் விட்டாலே தெரு கூடி வேடிக்கை பார்த்த காலத்தில் விமானம் ஓட்டியவர். அதை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். தமிழ் பேசுவார், படிக்க வராது. மொழிபெயர்க்க வேறு ஆள் கிடைக்காமல் என்னிடம் வந்து சேர்ந்தார்.

புத்தகத்தின் உயிர் ஒரே பக்கத்தில் இருந்தது. முதன்முதலாகத் தனியாக நெடுந்தூரம் பறக்கிறார். பயிற்சியாளர், "மலை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடும்மா, அதுக்கு மேல உன்னால ஆவாது" என்று சொல்லி அனுப்புகிறார். இவரோ நம் மலைக்கு நேர் மேலே பறந்து, கீழே பார்த்து, தாண்டி, பெங்களூரில் போய் இறங்குகிறார்.

நேர் மேலே! மலையே சாமி என்கிற ஊரில் சாமி தலைக்கு மேல் பறந்ததை அச்சடித்தால் மன்றத் தலைவர் விடுவாரா? அவர் அரிசி மண்டிக்காரர், இலக்கியத்தையும் படியால் அளப்பவர். நான், 'மலையை வலமாகச் சுற்றி வணங்கித் திரும்பினேன்' என்று எழுதினேன். கீழே பார்த்த பத்தியும் பெங்களூரும் இடித்தன. அவற்றை எடுத்துவிட்டேன். எனக்கு அது நயமாகவே பட்டது.

வெளியீட்டு விழாவில் தலைவர் முழங்கினார்: "நாமெல்லாம் கால் நோவ நடக்குறோம். அம்மா ஆகாசத்துலயே கிரிவலம் போயிருக்காங்க!"

கைத்தட்டல். அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நான் சுத்துனேன்னா எழுதியிருக்க?"

"ஊருக்காகக் கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னுங்கம்மா..."

"அப்போ நான் திரும்பிட்டேன்னு ஆயிடுச்சே. மலையோட திரும்பிடுன்னு அந்தாளு சொன்னது சரின்னு நீயே எழுதிக் குடுத்துட்டியே."

அதுவரை என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "நான் சுத்தலைங்க. திரும்பவும் இல்ல. மேலயே தாண்டிப் போனேன்."

தலைவர் அசரவில்லை. "பாத்தீங்களா, இன்னா தன்னடக்கம்!" இன்னொரு பொன்னாடை விழுந்தது.

ஒரு பிரதியைக்கூட அம்மாள் வெளியே விடவில்லை. அடுத்த ஞாயிறு அவர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினேன். நான் படித்துக் காட்டினால் நம்பமாட்டாராம், நியாயம்தான். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். ஊர் கோபம் இங்கேதான் தொடங்கும் என்று நான் குனிந்துகொண்டேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மேலயா போனீங்க? மேலருந்து பாத்தா மலை எப்பிடிங்கம்மா இருக்கும்?"

விழாவில் ஒருவரும் கேட்காத கேள்வி.

அம்மாள் முகம் மலர்ந்தது. "அதுலயே எழுதியிருக்கேன், மேல படி."

வீட்டுக்காரம்மா பக்கத்தைப் புரட்டினார். பின்னும் புரட்டினார். நான் வெள்ளைத்தாளும் பசையும் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன்.