காலையிலேயே சரக்கு

மகளின் பள்ளியிலிருந்து மிஸ் போன் செய்து, "ரெண்டு பேருமே வந்துருங்க மேடம், நேர்ல பேசணும்" என்றபோது, பேன் விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தைய வாரம் தலை சீவும்போது ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தேன். ஆனால் பேனுக்கு அப்பாவை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? யாரையாவது கடித்துவிட்டாளா? யோசித்ததில் காலைச் சாப்பாட்டையே மறந்தேன். இரண்டு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு கணவரோடு வண்டியில் ஏறினேன்.

நானும் கணவரும் கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கண்ணாடிச் சாமான் செய்கிறோம். புதுக் கண்ணாடி வாங்குவதில்லை. வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் குடித்துவிட்டு எறிகிற பாட்டில்களைக் கழுவி, வெட்டி, விளிம்பைத் தேய்த்து, தம்ளராகவும் தட்டாகவும் ஆக்குகிறோம். கழுவுவது கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரில். அதைத் தொட்டியில் தெளியவிட்டு, பாட்டில் வெட்டும் சக்கரத்துக்கு மறுபடியும் ஊற்றுவோம். அடியில் தங்கும் கண்ணாடிச் சேற்றைத் தரைக்கல் செய்கிற ஒருவர் அள்ளிக்கொண்டு போகிறார். மின்சூளை சோலாரில் ஓடுகிறது. மதுரை வெயிலைத் திட்டாத ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

வெயிலை நம்பிப் பிழைப்பதில் ஒரு தொல்லை உண்டு. பாட்டில் காலையிலேயே வந்தால்தான் கழுவி, வெட்டி, உச்சி வெயிலுக்குள் சூளையில் ஏற்ற முடியும். அதனால் பாட்டில் சேர்த்துத் தரும் அண்ணனுக்குத் தினமும் விடிந்ததும் போன் போடுவேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும், கையில் மகளின் சடை இருக்கும். அவர் தொழிலில் எல்லாமே சரக்குதான். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. குவார்ட்டர் பாட்டில் தட்டையாக இருக்கும், தம்ளருக்கு ஆகாது. ஃபுல் பாட்டில்தான் உருண்டையாக, வாட்டமாக இருக்கும். இதையும் நான் தினமும் சொல்வேன்.

மிஸ் நாற்காலியைக் காட்டினார். வகுப்பில் பிள்ளைகளை 'என் அம்மா' பற்றிப் பேசச் சொன்னார்களாம். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, என் மகள் பேசியதை ஒப்பித்தார்.

"'எங்கம்மாக்கு காலையில எந்திரிச்ச ஒடனே சரக்கு வேணும். சரக்கு வரலேன்னா அன்னைக்கு ஒரு வேலையும் ஓடாது. குவார்ட்டர் வேணாம், ஃபுல்லுதான் வேணும்பாங்க.' அப்பா என்ன செய்வார்னு கேட்டேன் மேடம். 'அப்பா பாட்டில் கழுவுவாரு'ங்குறா."

கணவர் சிரித்துவிட்டார். சூளை வெப்பத்தில் நின்று நின்று அவருக்குக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். சிவந்த கண்ணோடு ஒருவர் காரணமில்லாமல் சிரித்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? அப்போதுதான் எனக்கு வாயில் இருந்த ஏலக்காய் நினைவு வந்தது. வாசனையை மறைக்கத்தான் மென்றுகொண்டு வந்திருக்கிறாள் என்று தோன்றாதா? வாயைக் கையால் பொத்திக்கொண்டே, மழைத்தண்ணீர், சோலார் எல்லாவற்றையும் விளக்கினேன். வாயைப் பொத்தியது அதைவிடத் தப்பு என்று வீட்டுக்கு வந்தபிறகு உறைத்தது.

மிஸ் முக்கால்வாசி நம்பினார். "எனக்குப் புரியுது மேடம். ஆனா பிள்ளைங்க வீட்ல போய்ச் சொல்லிருச்சுங்க" என்றார்.

என் மகளின் தோழி ஒருத்தி உண்டு. இருவரும் ஒட்டியேதான் உட்காருவார்கள். அவளுடைய அம்மா, தன் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டாராம். என் மகள் ஒரு வாரமாகத் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து, எங்களிடம் சொல்லவே இல்லை. கணவரின் சிரிப்பு அங்கேயே நின்றது.

அன்று அந்த அம்மாவுக்கு எழுதினேன், அழித்தேன். நீளமாக விளக்கினால் குற்றமுள்ள நெஞ்சு போல இருந்தது. சுருக்கினால் திமிர் போல இருந்தது. 'நான் குடிப்பதில்லை' என்று ஒரே வரி எழுதிப் பார்த்தேன். குடிக்கிறவர்கள் எழுதுவது போலவே இருந்தது.

"எழுதாத. சனிக்கிழம நேர்ல வந்து பாக்கச் சொல்லு" என்றார் கணவர்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. கொட்டகையைப் பெருக்கி, லேபிள் உள்ள பாட்டிலையெல்லாம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். ஒரு முகூர்த்த வீட்டுக்காகச் செய்த பச்சைத் தம்ளர்களைக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். பிள்ளைகள் இரண்டும், கண்ணாடித் துண்டு குத்திவிடும் என்று வாசலில் நான் கிழித்திருந்த கோட்டைத் தாண்டாமல் கையைக் கோத்துக்கொண்டு நின்றன. அந்த அம்மா முகம் மெல்ல இளகிக்கொண்டிருந்தது.

வாசலில் பாட்டில் அண்ணனின் குட்டியானை வண்டி வந்து நின்றது.

"தங்கச்சி! நேத்து கல்யாண மண்டபத்துல ஏத்துனது. அம்புட்டும் ஃபுல்லு! ஒனக்குன்னே எடுத்து வச்சேன், எறக்கவா?"

"அண்ணே, காலி பாட்டில்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

"காலி பாட்டில்தான் தாயி. நெறஞ்சதுன்னா ஒங்கிட்ட எதுக்குக் கொண்டாரேன்?"

அந்த அம்மா நேராக வண்டிக்குப் போய், ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இன்னொரு மூட்டையையும் பிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க. திங்கக்கிழமையே பழைய எடத்துல உக்கார வைக்கச் சொல்லிர்றேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கிளம்பவில்லை. என் கணவர் மூட்டை இறக்கப் போகும்வரை காத்திருந்து, என் காதருகே வந்தார்.

"இந்த வண்டி எங்க தெருப்பக்கம் வருமாங்க?"

"வருமே. எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரரு பரண்ல போட்டு வச்சிருக்காரு. குப்பை வண்டியில போட்டா தெருவே பாக்கும். நான் எம்புட்டு நாளைக்குங்க மேல ஏறி போர்வையப் போட்டு மூடுறது?"

வண்டி அவர் தெருவுக்குப் போய்வந்துவிட்டது. எல்லாமே நல்ல உருண்டையான ஃபுல் பாட்டில்கள். கண்ணாடி அருமையான கண்ணாடி.