நூற்று எண்பத்தாறு வீடுகளின் பட்டியல்

ஜெகநாதனுக்கு நேர்ந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவனைக் கெடுத்தவன் நான். நல்லெண்ணத்தோடுதான் கெடுத்தீர்கள் என்று என் மனைவி பத்மினி சொல்கிறாள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சலாக வருகிறது.

என் பெயர் வேதாந்தம். திருமலையில் தபால் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். திருப்பதி வாடகை கட்டுப்படியாகாமல் வடமாலபேட்டைக்கு வெளியே ஒரு மனை வாங்கி, சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். நல்ல காற்று, நல்ல தண்ணீர். இன்டர்நெட் மட்டும் இல்லை. கேபிள் போடுகிற பெரிய கம்பெனிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் ஸுப்ரஜா போனில் வந்தால், முகம் வரும்போது குரல் வராது. குரல் வந்தால் முகம் அப்படியே உறைந்து நிற்கும். பத்மினி அந்த உறைந்த முகத்தைப் பார்த்தே பாதி நாள் அழுவாள்.

ஜெகநாதன்தான் அதைச் சரிசெய்தான். திருத்தணிப் பக்கத்துக்காரன், நாற்பத்தொரு வயது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்தவன். ஒரு கம்பெனியிடம் மொத்தமாக இன்டர்நெட் வாங்கி, குன்றின் மேல் சின்ன டவர் வைத்து, சுற்று ஊர் வீடுகளுக்குக் கம்பியில்லாமல் அனுப்புவான். மொட்டை மாடியில் இரும்புக் கம்பம் நட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு டிஷ்ஷைக் குன்றைப் பார்த்துத் திருப்பி வைத்து, அதற்கு வீட்டிலிருந்து கரண்ட் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று மற்றவர்கள் போய்விடுவார்கள். இவன் போகமாட்டான். கம்பம் நட்ட வீட்டில், கரண்ட் கசிந்தாலும் இடி விழுந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி எர்த் குழி தோண்டாமல் கிளம்பமாட்டான். அதையும் எல்லாரையும் போல வீட்டுக்குப் பின்னால் தோண்டாமல் எங்கள் வாசலில், கோலம் போடுகிற இடத்துக்கு ஓரமாகக் கடப்பாரையை இறக்கினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, வாசலைப் போய்த் தோண்டறே? வேற இடமே கிடைக்கலையா?"

"பின்னாடி தோண்டினா யாரு சாமி தண்ணி ஊத்திக்கினு இருப்பாங்க? இங்கன்னா அம்மா தெனம் வாசல் தெளிப்பாங்க. மண்ணு காயாது. இந்த ஊர் மண்ணு காஞ்சிடுச்சின்னா எர்த்து வேலைக்கே ஆவாது."

அன்றைக்கே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்த வீட்டில் எந்தத் தேதியில் கம்பம் நட்டான், எர்த் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று அழகாக எழுதி வைத்திருந்தான். ஒவ்வொரு கோடைக்கும் யாரும் கூப்பிடாமலே வந்து மறுபடி அளந்து பார்ப்பான். நான் பார்த்த சர்க்கார் கோப்புகளில் பாதி அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

போன வருஷம் அவனுக்கு இன்டர்நெட் தரும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மொட்டை மாடிக்குக் கரண்ட் இழுக்கிறவர்களுக்கு வயர்மேன் பெர்மிட் இருக்க வேண்டும், மார்ச் முடிவதற்குள் பெர்மிட் நம்பர் தராவிட்டால் லைனை நிறுத்திவிடுவோம் என்று. சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கத்துக்குட்டிகள் இழுத்த வயரைத் தொட்டு ஆள் போன வீடு எங்கள் பக்கத்திலேயே உண்டு. ஆனால் ஜெகநாதனிடம் பெர்மிட் இல்லை. அது இல்லையென்றால் அவனுக்கு வேறு பிழைப்பும் இல்லை. மனைவி செல்வி, படிக்கிற இரண்டு பெண்கள், எல்லாம் அந்தக் குன்றின் மேல் டவரை நம்பித்தான்.

"மனு எழுதத் தெரியாது சாமி. நீங்கதான் பாத்து எழுதிக் குடுக்கணும்" என்று வந்து நின்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்ற குமாஸ்தாவிடம் மனு எழுதச் சொல்வது, சங்கீதக்காரரைப் பாடச் சொல்வது மாதிரி. தெலுங்கில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று இரண்டு பிரதி எழுதினேன். 'அனுபவம்' என்ற கட்டத்தில் பதினான்கு வருஷம் என்று போட்டேன். வெறும் வார்த்தையை எவன் நம்புவான்? அவன் நோட்டைப் பார்த்து நூற்று எண்பத்தாறு வீடுகளையும் முகவரியோடு பட்டியல் போட்டேன். போதாததற்கு இருபத்து மூன்று வீட்டுக்காரர்களிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வரச் சொல்லி அவனை அனுப்பினேன். மாவு மில் பச்சையம்மாள் தெலுங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நம்ம ஜெகநாதனுக்கு ஒண்ணு இன்னா, பத்துகூட போடறேன்" என்றாளாம்.

கிளம்பும்போது அவனிடம் ஒன்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஜன்னல்ல கொடுத்துட்டுச் சும்மா வந்துடாதே. இன்வேர்ட் ரிஜிஸ்தர்ல வரவு வெச்சு, நம்பர் போட்டு, முத்திரை குத்தி, நகல் கையில வாங்கிண்டாதான் இடத்தை விட்டு நகரணும். முத்திரை விழாத காகிதம் குப்பைக்குச் சமானம்."

முப்பத்தோரு வருஷம் நான் கும்பிட்ட தெய்வங்களில் அந்த ரப்பர் முத்திரையும் ஒன்று.

பெர்மிட் கொடுக்கும் ஆபீஸ் சித்தூரில். காலை பஸ்ஸில் போனான். ஜன்னலில் இருந்த பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் வைக்காதே, எடுத்துக்கொண்டு போய் வேறு மாதிரி எழுதிக்கொண்டு வா என்று மெதுவாகச் சொன்னாளாம். அவள் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறாள். இவன் நகரவில்லை. முத்திரை போட்டால்தான் போவேன் என்று மூன்று மணி நேரம் நின்றிருக்கிறான். கடைசியில் அவள் குத்திக் கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலிலேயே நகலைத் தூக்கிக் காட்டினான். பத்மினி அவனுக்குக் காபி கொடுத்தாள். நான் அந்த முத்திரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து மகிழ்ந்தேன்.

பத்து நாளில் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அதிகாரி கெட்டவரில்லை. எங்களை உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து பட்டியலின் மேல் விரலை வைத்தார்.

"பெர்மிட் இல்லாம ஒரு வீட்ல லைன் இழுத்தா அது தப்பு. நீ நூத்தி எண்பத்தாறு வீட்ல இழுத்துக்கீறே. அட்ரஸோட எழுதிக் குடுத்துக்கீறே. இருபத்து மூணு சாட்சி வேற. இது அனுபவம் இல்லய்யா, ஒப்புதல் வாக்குமூலம்."

லைசென்ஸ் உள்ள கான்டிராக்டரிடம் ஹெல்பராக இருந்த வருஷங்கள்தான் அனுபவம் என்று கணக்கில் வருமாம். சொந்தமாகச் செய்தது எதுவும் வராதாம்.

"சார், தெரியாம எழுதினவன் நான். கோப்பைத் திருப்பிக் கொடுத்துடுங்கோ" என்று கை கூப்பினேன். அந்த வயதுவரை நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

அவர் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முத்திரை பளிச்சென்று இருந்தது.

"நம்பர் விழுந்துடுச்சே சாமி. சும்மா வந்திருந்தா அன்னிக்கே கிழிச்சிப் போட்டு அனுப்பியிருப்பேன். இப்ப நான் நடவடிக்கை எடுக்கலன்னா என் வேலை பூடும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? திரும்பி வரும் பஸ்ஸில் ஜெகநாதன் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இருபது நாளில் பட்டியலில் இருந்த அத்தனை வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாத மின் இணைப்பை, பெர்மிட் உள்ளவரைக் கொண்டு, பதினைந்து நாளுக்குள் அகற்ற வேண்டும். ஒரு வீடு தப்பவில்லை. நான் அவ்வளவு சுத்தமாக முகவரி எழுதியிருந்தேன். பச்சையம்மாள் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு நேராக ஜெகநாதன் வீட்டுக்குப் போனாள்.

"உனுக்கு நல்லது பண்ணப் போயி எனுக்கு கவுர்மென்ட்டு நோட்டீஸா? கையெழுத்து போடுன்னு சொல்லிட்டு இப்டி மாட்டி வுட்டுட்டியே!"

எழுதச் சொன்னது சாமிதான் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்று செல்விதான் பிறகு பத்மினியிடம் சொன்னாள்.

பெர்மிட் உள்ளவன் என்றால் எங்கள் பக்கத்தில் யஸ்வந்த் ஒருவன்தான். இருபத்தைந்து வயது, டிப்ளமோ, கான்டிராக்டர் லைசென்ஸ். தங்கமான பையன், ஆனால் இந்த டிஷ்ஷெல்லாம் அவன் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டுக்கு அவன் வந்த அன்று ஜெகநாதனும் கூட வந்தான். மாடிப்படி வரை வந்து கீழேயே நின்றுவிட்டான். அவன் நட்டதை அவனே கழற்றக்கூட அவனுக்கு அனுமதியில்லை.

"அண்ணா, எந்த போல்ட்டை முதல்ல லூஸ் பண்றது?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"கீழ் கிளாம்பு தம்பி. மேல கை வெக்காத, கம்பம் சாஞ்சிடும். மொதல்ல கரண்ட் ஆஃப் பண்ணிட்டியா?"

அரை மணி நேரத்தில் கம்பம் இறங்கியது. பத்மினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

"ஜெகநாதா, எல்லாம் என்னாலதான். நான் ஒரு மடையன்."

"வுடுங்க சாமி. நீங்க இன்னா, வேணும்னா செஞ்சீங்க?" என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு படிவத்தை எடுத்தான். "யஸ்வந்த் கிட்ட ஹெல்பரா சேந்துக்கலாம்னு கீறேன். அஞ்சு வருஷம் போனா பரீச்சை எழுத வுடுவாங்களாம். இத்த நெரப்பிக் குடுங்க."

நாற்பத்தொன்றும் ஐந்தும் நாற்பத்தாறு என்று என் மனம் தானாகக் கூட்டிப் பார்த்தது. உட்கார்ந்து எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. முன் அனுபவம் என்று போட்டிருந்தது.

"இதுல என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க சாமி."

"பதினாலு வருஷம்..."

"இல்லன்னே எழுதுங்க. வேற எழுதினா மறுபடியும் மாட்டிக்குவேன்."

'இல்லை' என்று எழுதினேன். அவன் படிவத்தை வாங்கி ஒரு முறை முழுக்கப் படித்தான். "சரியா கீது சாமி" என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டான்.